ஜன்னலோரம் உலர்ந்த படலம்

காலையில் பல் துலக்குமுன் போனை எடுத்து, என் குறைக்கடத்திக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுவேன். அன்று எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தது. திறந்தால், ‘இவர் சொன்ன மின்கடத்தல் எங்களுக்கு வரவேயில்லை’ என்று எவனோ எழுதியிருந்தான். ஆத்திரத்தோடு ஆம்பூர் ஆய்வகத்துக்குப் போய், வழக்கம்போல் குறைக்கடத்திப் படலத்தை ஜன்னலோரம் உலர்த்தி அளந்தேன். கட்டுரையில் சொன்ன மின்கடத்தல் அச்சு அசலாக வந்தது.

கோவையிலிருந்து வந்த ஆய்வு மாணவி மூக்கைப் பொத்தியபடி ஜன்னலைக் காட்டினாள். “சார், பக்கத்துல தோல் பதனிடுற ஷாப் நாத்தம் உள்ள வருது. அதுல கந்தகம் இருக்குமே, படலத்துல ஏறியிருக்குமோ?”

“இன்னா நாத்தம்மா? எனக்கு ஒண்ணும் அடிக்கலியே” என்றேன், இங்கேயே பிறந்து வளர்ந்த நான்.

ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னொரு படலம் உலர்த்தினோம். மின்சாரம் துளியும் பாயவில்லை.

மறுநாள் காலை மேற்கோள் மேலும் இரண்டு கூடியிருந்தது. திறந்து பார்க்கவில்லை.