பலூன் தேய்க்க ஒரு தலை வேண்டும்

இன்று திருப்பதியில் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. நடத்தியது நான்தான்.

பாடம், மின்னூட்டம். இரண்டு பலூன்களைக் காய்ந்த தலைமுடியில் தேய்த்து நூலில் அருகருகே தொங்கவிட்டால், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும். ஐந்து நிமிட வேலை.

"யாராவது ஒருத்தர் முன்னாடி வாங்க" என்று நிமிர்ந்து பார்த்தேன். ஆண்கள் அத்தனை பேருக்கும் மொட்டை. மேலே சந்தனம்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மா போறதா சார்? அதான் நேத்தே மலைக்குப் போய் முடி குடுத்துட்டோம்" என்றார் பாகாலாவிலிருந்து வந்தவர்.

மிச்சம் பெண் ஆசிரியர்கள். எல்லார் தலையிலும் தேங்காய் எண்ணெய் வழிந்தது. இருந்தும் தேய்த்தேன். பலூன்கள் அசையவில்லை.

"ரெண்டும் ஒத்துமையா தொங்கிக்கினு கீது சார்" என்றார் பாகாலாக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன பாடம்னு போன வாரமே சொன்னேனே! பொறுப்பு வேணாமா?"

பின்வரிசையிலிருந்து ஒரு மேடம், "தொப்பிய எடுங்க சார், உங்க தலையிலயே தேய்ச்சிப் பாக்கலாம்" என்றார்.

பாகாலாக்காரர் முந்திக்கொண்டார்: "அது ஆவாது மேடம். நேத்து மொட்டை போட்டுக்க என் பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தாரு."

நாளைக்கும் இதே பாடம்தான். திருப்பதியில் எண்ணெய் தேய்க்காத முடியோடு யாராவது இருந்தால், கீழே கமெண்டில் சொல்லுங்கள்.