அடிப்பிடித்த சர்க்கரை வாசனை

அந்தச் சலவைக் கடையின் இஸ்திரி அறையில் ஒரே ஒரு சட்டம்தான் கண்டிப்பானது. துணி கருகும் வாசனை யார் மூக்குக்கு முதலில் எட்டுகிறதோ, அவர் "கருகுது!" என்று கத்த வேண்டும். உடனே எல்லா மேஜைகளிலும் இஸ்திரிப் பெட்டிகள் மேலே எழும்பும். யாருடைய துணி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னலோர மேஜையில் நின்றவளை எல்லோரும் ஊமச்சி என்றே கூப்பிட்டார்கள். பேசத் தெரியாதவள் இல்லை. அவள் பேசி யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அதனால் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வந்து வந்து போனது, நாற்பதைத் தாண்டியதும் அதுவும் நின்றது. பஸ்ஸில் அவள் காலை மிதித்தவர்கள்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் மன்னிப்புக் கேட்டார்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்தான். கழுத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். சர்க்கரைப் பாகு அடிப்பிடித்து, அதன் பக்கத்திலேயே யாரோ ஈர விறகை மூட்டியதுபோல் ஒரு வாசனை. முகம் சுளிக்கத்தான் போனாள், அதற்குள் பிடித்துப்போய்விட்டது.

மறுநாள் அவள் அறைக்குள் நுழைந்ததும் "கருகுது!" என்று ஒருத்தி கத்தினாள். பெட்டிகள் எழும்பின. எங்கேயும் ஒன்றும் கருகவில்லை. அடுத்த மேஜைக்காரி நெட்டச்சி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து அவள் தோளில் மூக்கை வைத்தாள்.

"அடியே, நீதானா? உன்னை யாரோ அடுப்புல வச்சுட்டு மறந்துபோன மாதிரி இருக்கே!"

"நல்லா இல்லையா? நாளைலேருந்து போடல."

"போடாம வந்தா உள்ள விடமாட்டேன். இத்தனை வருஷத்துல நீ வந்தது இன்னிக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

அது போதும் அவளுக்கு. தினமும் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் வாரம் வீண் கத்தல்கள் அடிக்கடி கேட்டன. பிறகு, "அட, நம்ம ஊமச்சி" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். எப்போது கத்துவதையே அடியோடு விட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

ஒரு மதியம் நெட்டச்சிக்குப் போன் வந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம். கையிலிருந்த பெட்டியை, பாதி தேய்த்த கோட்டின் மேலேயே விட்டுவிட்டு, போனில் பேசிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். ஒரு பெரியவர் தன் மகள் கல்யாணத்தில் போட்டுக்கொள்ள என்று தேய்க்கக் கொடுத்திருந்த கோட்டு அது.

வாசனை எழுந்தது. எல்லோர் மூக்கிலும் ஏறியது. ஒருத்தி ஊமச்சியைப் பார்த்துப் புன்னகைத்தாள், அவளும் பதிலுக்குப் புன்னகைத்தாள். காலையில் போட்டது இவ்வளவு நேரம் நிற்கிறதே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. புகை கண்ணில் பட்டபோது கோட்டின் முதுகில் பெட்டியின் அச்சு கருப்பாக விழுந்திருந்தது.

நெட்டச்சியை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஊமச்சி முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"என் சென்ட்டாலதான் சார் யாரும் கத்தல. அவளைத் திரும்பக் கூப்பிடுங்க."

"பெட்டியை வச்சுட்டு ஓடினது சென்ட்டாம்மா?" என்றார் அவர். மறுநாளே அந்த மேஜைக்குப் புது ஆள் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊமச்சி தோழியின் வீட்டுக்குப் போனாள், சென்ட் போடாமல். நெட்டச்சி நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தாள். மகள் தேறிவிட்டாள் என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கும் வாசனை வந்துச்சுடி," என்றாள் ஊமச்சி, தரையைப் பார்த்தபடி. "என்னோடதுன்னு நெனச்சேன். சந்தோஷமா வேற இருந்துச்சு."

நெட்டச்சி மடித்த துணியையே பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

"வாசல்ல நின்னப்ப எனக்கும் வந்துச்சு," என்றாள். "என்ன ஆச்சுன்னு கேக்க நீதான் வர்றேன்னு நெனச்சேன். போன் பேசி முடிச்சும் அங்கேயே நின்னேன். இந்தா வந்துடுவ, இந்தா வந்துடுவன்னு."

போன் வந்ததையும், தோழி முகம் வெளுத்து ஓடியதையும் அன்று ஊமச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னாலேயே போய் என்னவென்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.