ஷட்டர் ஜன்னலோரம் போன கதை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருப்பவருக்குப் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. அலுவலகம் முழுக்க அவர் ஷட்டர். கவுன்டருக்கு முன்னால் யாராவது குரலை உயர்த்தினால் போதும், அவர் கை தானாக மேலே போகும், தகரக் கதவு கடகடவென்று கீழே இறங்கும். உள்ளேயிருந்து, "எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறோம்" என்ற குரல் மட்டும் கசியும். பதினோரு வருடத்தில் ஒரு திட்டுகூட அவர்மேல் பட்டதில்லை.

பட்டதெல்லாம் கழிப்பறை வாடைதான். அவர் மேசை கழிப்பறையை ஒட்டி இருந்தது. அவசரமாகக் கதவைத் திறப்பவர்கள் அவர் முதுகில் ஒரு இடி இடித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். மன்னிப்பு, திரும்பி வரும்போதுதான். சாப்பாட்டு டப்பாவை அவர் ஒரு கையால் திறப்பார். இன்னொரு கை மூக்கில் இருக்கும்.

அப்படிப்பட்டவர் காதில், கண்காணிப்பாளர் ஓய்வு பெறுகிறார், ஜன்னலோர இடம் காலி என்ற செய்தி விழுந்தால் என்ன ஆகும்? ஜுரமே வந்துவிட்டது. மேலே ஃபேன், பக்கத்தில் காற்று, வெளியே ஒரு மரம்!

அந்த இடத்துக்கு ஒன்பது பேர் மனுப் போட்டார்கள். மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். பணியாளர் நலனுக்காக என்று வாங்கி, மீட்டிங் அறையில் தூசி தின்றுகொண்டிருந்த வீடியோ கேம் அவர் கண்ணில் பட்டது. அதில் இருந்தது ஒரே ஒரு ஆட்டம், சண்டை.

"எப்படியும் அடிச்சுக்கத்தான் போறீங்க. திரையில அடிச்சுக்கங்க. ஜெயிக்கிறவங்களுக்கு ஜன்னல்."

ஒரு வாரம் பயிற்சி. முதல் நாளே ஷட்டர் ஒரு பொக்கிஷத்தைக் கண்டுபிடித்தார். தடுக்கிற பட்டன்! அதை அமுக்கிக்கொண்டே இருந்தால் குத்து, உதை எதுவும் மேலே ஏறாது. எதிராளி அடித்து ஓய்ந்ததும் லேசாக ஒரு தட்டு. அறுபது விநாடி முடியும்போது அடிபட அடிபடக் குறைகிற உயிர்க்கோடு யாருக்கு நீளமோ அவருக்கு வெற்றி. தனக்காகவே இந்த ஆட்டத்தைச் செய்திருக்கிறார்கள் என்று ஷட்டர் மனசார நம்பினார்.

இரண்டாம் நாள், மனுப் போட்ட ஒன்பது பேரில் ஒருத்தியான மீட்டர் அக்கா வந்தாள். தெருத்தெருவாக நடந்து தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள், நாய்க்கே பயப்படாதவள். திரையில் அவள் ஆள் நிதானமாக நடந்து வந்தான், ஷட்டரின் ஆளைச் சட்டையோடு பிடித்தான், தலைக்கு மேல் தூக்கினான், போட்டான்.

"அக்கா! நான் தடுத்துட்டுல்ல இருந்தேன்!"

"தடுங்க தம்பி. யாரு வேணாம்னா?"

மறுபடியும் தூக்கிப் போட்டாள். அன்று மட்டும் பத்தொன்பது முறை. பயத்தில் ஷட்டர் தடுக்கிற பட்டனை அமுக்கிய அமுக்கில் அது உள்ளேயே சிக்கிக்கொண்டது. பேனாக் கத்தியால் நெம்பி எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பொருமினார். "கிட்ட வந்து பிடிச்சுத் தூக்கறதெல்லாம் ஒரு விளையாட்டா?"

"தூக்கறதுக்கு உங்களுக்குப் பட்டன் இல்லையா?"

"இருக்கு. அவங்க பிடிக்கிற நேரத்துக்குச் சரியா அதை அமுக்கினா உதறிட்டும் வந்துடலாமாம்."

"அப்ப அமுக்க வேண்டியதுதானே?"

"நான் கௌரவமான ஆளு."

கௌரவமான ஆள் மறுநாள் என்ன செய்வார்? மனு எழுதினார். 'தடுத்துக்கொண்டிருக்கும் நபரைத் தூக்கி வீசுவது பணியிட மாண்புக்குப் புறம்பானது.' தன் பிரிவுக்குத் தானே அனுப்பி, தானே பெற்றுக்கொண்டு, தானே பரிந்துரைத்தார். மேலாளர் எதையும் படித்துக் கையெழுத்துப் போடும் வழக்கமில்லாதவர். தூக்குவதற்குத் தடை!

அதன் பிறகு ஷட்டரை அசைக்க ஆளில்லை. மூன்று பேரைத் தூங்கவைத்தே ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். எதிரே மீட்டர் அக்கா.

சாப்பாட்டு நேரம். அலுவலகமே மீட்டிங் அறையில் நெருக்கியடித்து நின்றது. மணி அடித்தது. ஷட்டர் தடுத்தார். அக்காவும் தடுத்தாள்.

அறுபது விநாடி இரண்டு மல்லர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரா. மறுபடியும் டிரா. ஏழாவது டிராவில் டைப்பிஸ்ட் கொட்டாவி விட, அது வரிசையாகப் பரவிக் கடைசியில் மேலாளரிடம் வந்து நின்றது.

"ரெண்டு மணிக்குள்ள முடியலன்னா ஜெராக்ஸ் மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுடுவேன். அதுக்காவது காத்து வேணும்."

மணி ஒன்று ஐம்பத்தைந்து. ஷட்டரின் கண்முன் ஜெராக்ஸ் மெஷின் மரத்தை வேடிக்கை பார்த்தபடி சொகுசாக உட்கார்ந்திருந்தது. வயிறு எரிந்தது.

"சார், என் மனுவை நானே வாபஸ் வாங்கிக்கறேன்!" சாப்பாட்டுப் பொட்டலக் காகிதத்தில் எழுதி நீட்டினார். மேலாளர் அதையும் படிக்கவில்லை.

"வந்தீங்களா வழிக்கு?" என்று அக்கா கையைச் சொடுக்கிக்கொண்டாள்.

அவள் ஆள் நடந்து வந்தான். பிடித்தான். ஷட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடுக்கிற பட்டனை விட்டுவிட்டு, தூக்குகிற பட்டனைக் குத்தினார். இரண்டு மல்லர்களும் உதறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தெறித்தார்கள்.

"அட!" என்றாள் அக்கா. அந்தத் திகைப்பில் அவள் விரல் தடுக்கிற பட்டனுக்குப் போயிற்று. ஏழு ஆட்டப் பழக்கம்.

ஷட்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். மீதி நாலு விநாடி. வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் நடந்தார். பிடித்தார். தூக்கினார். அக்காவின் ஆள் திரையின் உச்சிக்குப் போய்ப் பொத்தென்று விழுந்தபோது மணியும் அடித்தது. ஷட்டர் நாற்காலி மேல் ஏறியிருந்தார். எப்போது ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

"தம்பி! நான் தடுத்துட்டுல்ல இருந்தேன்!"

மறுநாள் காலை ஜன்னலோரத்தில் புகார்ப் பிரிவு திறந்தது. காற்றில் காகிதமெல்லாம் பறந்தது. முதல் மனு மீட்டர் அக்காவுடையது. 'தடுத்துக்கொண்டிருந்த என்னை' என்று ஆரம்பித்தது.

"பத்தொன்பது தடவை என்னைத் தூக்கினீங்களே அக்கா?"

"தூக்கத் தெரியும் தம்பி. என்னை இதுவரைக்கும் எவனும் தூக்கினதில்ல. இது அநியாயம்!" குரல் ஏறியது.

பழக்கதோஷத்தில் ஷட்டரின் கை மேலே போய்த் துழாவியது. ஜன்னலோரத்தில் ஷட்டர் ஏது? ஃபேன் காற்றுதான் கையில் பட்டது. கையை இறக்கினார், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அக்கா. சாப்பாட்டு நேரத்துல வாங்க, எப்படி உதறணும்னு காட்டறேன். ஆனா கண்ணை மூடிக்கணும்."