மாமாவின் வலது தோள்

அம்மாவின் தம்பி ஒலக்கூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கி வயல் வேலை பார்த்தார். மாட்டு வண்டியிலிருந்து விழுந்த பிறகு, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள் கழன்றுவிடும் என்பார். ஆனால் அதே கையால் குனிந்து நாளெல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்குவார், தண்ணீர்க் குடம் தூக்கி வருவார். வைக்கோல் கட்டைத் தூக்கிப் போர் மேலே வீசச் சொன்னால் மட்டும் முடியாது.

"என்னா மச்சான், போரைப் பாத்தா மட்டும் கை நோவுதா?" என்று அப்பா கேட்பார். நடிப்பு என்று தெரிந்தால் மாமா வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

எனக்கும் சந்தேகம். ஒரு வாரம் மாமாவைக் கண்காணித்தேன். தலை சீவக்கூட இடக்கைதான். என் பார்வை பட்டதால் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் பாதி போட்ட போர் மீது ஏறினேன். கீழே களத்தின் கட்டாந்தரை. மாமா முதுகு காட்டி நின்றார். "மாமா, புடி!" என்று கத்திக்கொண்டே குதித்தேன்.

திரும்பியவர் இரண்டு கைகளையும் உயர்த்தி என்னைப் பிடித்துவிட்டார்.

"தூக்கிட்டாரு! அப்பா, தூக்கிட்டாரு!" என்று அலறினேன். இடக்கையால் என்னை மெல்ல இறக்கிவிட்டு, மாமா அப்படியே உட்கார்ந்தார். வலத்தோள் ஒரு பக்கம் பள்ளமாகத் தெரிந்தது.

திண்டிவனத்திலிருந்து எலும்பு வைத்தியரை வண்டி கட்டி அழைத்து வந்தார்கள். மெதுவாகக் கையைத் திருப்பி எலும்பை உள்ளே சேர்த்தார்.

"கை தொங்கிக்கினு இருக்கறப்ப, சதை எலும்பைக் குழிக்குள்ளயே இழுத்துப் புடிச்சிக்கும்ங்க. மேல தூக்கிப் பின்னால சாய்ச்சா அதே சதை வேற பக்கமா இழுக்குது. குழியோட விளிம்பு வேற ஒடஞ்சிருக்கு. அதான் வழுக்கிக்கினு வெளிய வந்துடுது" என்றார் அப்பாவிடம்.

வைத்தியரும் மாமாவோடு கூட்டு என்று நான் முடிவு செய்தேன். அப்பாவோ தலையைக் குனிந்துகொண்டு, "நீ இனிமே போரு பக்கமே வராத மச்சான்" என்றார்.

மறுநாள் கட்டோடு படுத்திருந்த மாமாவை மடக்கினேன். "முடியாதுன்னியே, அப்புறம் எப்படித் தூக்கின?"

"நீ குதிச்சிட்டியே மாப்ள" என்று சிரித்தார்.

ஆக, மனசு வைத்தால் முடிகிறது! அந்த ஒப்புதலை வார்த்தை மாறாமல் அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். அதுவரை என்மேல் கை வைக்காத அப்பா, அன்று ஏன் அறைந்தார் என்று எனக்கு விளங்கவே இல்லை.