கேபிள் ஆபீஸுக்குப் போகும் வழி

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் எங்கள் பகுதி கேபிள்காரர் தன் சானலில் ஒரு வெளிநாட்டுச் சிரிப்புப் படத்தைத் தமிழில் போட்டார். ஒருவரையொருவர் அறியாத ஏழெட்டுப் பேர், எங்கோ கிடக்கும் பணப்பெட்டியை யார் முதலில் எடுப்பது என்று விழுந்தடித்து ஓடுகிற கதை. ஒருவரையொருவர் ஏமாற்றுவார்கள், தள்ளிவிடுவார்கள். வண்டிகள் வரிசையாக நொறுங்கும்.

படம் தொடங்கும் முன்பே ஓர் அறிவிப்பு வந்தது. மொத்தம் எத்தனை வண்டிகள் நொறுங்குகின்றன என்று சரியாக எண்ணி எழுதிக்கொண்டு, படம் முடிந்ததும் கேபிள் ஆபீஸுக்கு முதலில் வருகிறவருக்கு இரண்டாயிரம் ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே காலண்டர் தாளில் கோடு கிழித்து எண்ணினேன். பதினாறு வந்தது. படம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன்.

ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓட்டம். தெருவில் என்னைப்போல் இன்னும் பலர் ஓடினார்கள். முகத்தில் பாதி சவரமும் பாதி சோப்பு நுரையுமாக ஒருவர். ஒரே சைக்கிளில் மூன்று பேர். யாரும் யாரோடும் பேசவில்லை.

மார்க்கெட் முக்கில் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடிவந்தவர், என் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா. எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் மழை பொய்த்துக் காடு விளையாமல் போக, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்கென்று டவுனுக்கு வந்த குடும்பம். கையில் மடித்த தாள் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், கேபிள் ஆபீஸ் ஸ்டேஷன் ரோட்டுலதான இருக்கு?"

ஆபீஸை ஸ்டேஷன் ரோட்டுக்கு மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

"இல்ல, பழைய எடத்துலதான் இருக்கு. மார்க்கெட்டுக்குப் பின்னால போங்க" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பி ஓடினார். அந்தப் பழைய இடத்துக்குப் போக மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டலைத் தாண்ட வேண்டும். முந்தின நாள் மழையில் கரிசல் மண் களியாகிக் கிடந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆபீஸுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். கேபிள்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, விடை தப்பு என்று சிரித்தார். நுரைமுகக்காரர் பின்னாலேயே வந்தார். அவர் பதினேழு எழுதியிருந்தார். பணம் அவருக்குப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் அந்த அம்மா வந்தார். செருப்பு இரண்டையும் கையில் பிடித்திருந்தார். கணுக்கால் வரைக்கும் கரிசல். முடிந்துவிட்டது என்று கேபிள்காரர் சொன்னதும் கையிலிருந்த தாளைப் பிரித்துக் காட்டினார். 'பதினேழு' என்று எழுத்தில் எழுதியிருந்தது. மகளின் கையெழுத்து. 'ழு'வின் கீழ்ச்சுழியை அந்தப் பிள்ளைக்குக் கைபிடித்து எழுதப் பழக்கியது நான்.

ஏன் லேட் என்று யாரோ கேட்டதற்கு அவர், "டீச்சரும் தெரியாமத்தான் சொல்லிட்டாவ. அவியளுக்கும் புது எடம் தெரியலபோல" என்றார். அப்படியானால் இங்கே தனக்கு முன்னாலேயே நான் எப்படி வந்து நிற்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

கேபிள்காரர் இதையெல்லாம் ஆள் வைத்து வீடியோ எடுத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் சானலில் போட்டார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடிவருவதை ஊரே பார்த்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் கூப்பிட்டு, டீச்சர்மார் தெருவில் இப்படி ஓடலாமா என்று கடிந்துகொண்டார். நான் அழுதேன். ஓடியதற்குத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்து, பிறகு சமாதானமும் சொன்னார்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. முழுப்பரீட்சை முடிந்து ரிப்போர்ட் கார்டு வாங்க அந்த அம்மா வந்திருந்தபோது, வகுப்பில் வேறு யாரும் இல்லை. வேண்டுமென்றேதான் வழியை மாற்றிச் சொன்னேன் என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை.

அவர் ரிப்போர்ட் கார்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அந்த ரோட்டு வழியாத்தான் தெனமும் வேலைக்குப் போறேன் டீச்சர். புதுசா போர்டு மாட்டுனதையும் பாத்தேன். நீங்க சொன்னதும், நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததை அப்படியே சொல்கிற குரலில் சொன்னார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்க. அவளுக்கு டீச்சர்னா உசுரு."

சொல்லவில்லை. ஜூன் மாதம் அவள் நாலாம் வகுப்புக்குப் போனாள். வராண்டாவில் என்னைக் கண்டால் நின்று, கைகூப்பி வணக்கம் சொல்வாள். நான் நோட்டுக்கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டே கடந்துபோவேன்.