லலிதா திறக்காமல் விட்ட கதவு

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இதைத் தட்டச்சு செய்யப்போகும் நிர்மலாவிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதில், கோயில் மண்டபத்து வகுப்பில் கற்ற எழுத்து. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. முடித்ததும் எழுந்து, கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொள்வேன். அவ்வளவு சந்தோஷம்.

சிம்பாங் அம்பாட் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. யார் உதவியும் இல்லாமல் நானே வாசித்த முதல் செய்தி அதுதான். 'லலிதா அக்கா காலமாகிவிட்டார்.' தப்பாக வாசித்துவிட்டேன் என்று நினைத்து, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து எழுத்துக்கூட்டினேன். மீன்காரர் செர்காமிலிருந்து வரும் மலாய்க்காரர். அவரிடம் காட்டியும் பயனில்லை. செய்தி அனுப்பிய செல்வத்தையே கூப்பிட்டேன்.

"தம்பி, நான் தப்பாப் படிச்சிட்டேனா?"

"இல்லண்ணே," என்றான். "சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற லலிதாவை ஊரில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். செல்வத்தின் டயர் கடை அன்று மூடியிருக்கும். பின்பக்கத்து மேசையில் லலிதா கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு வீரராகி அந்தக் கதைக்குள் போவோம். வெட்டு விழுந்ததா, தப்பினோமா என்பதைப் பகடை சொல்லும். செல்வம், கிளினிக்கில் வேலை செய்யும் நிர்மலா, லாரி ஓட்டி ஓய்ந்த நான். சும்மா டயர் மேல் உட்கார்ந்திருந்த என்னை ஆள் குறைகிறது என்று இழுத்துவிட்டார்கள். என் வீரன் பெயர் சங்கிலி.

லலிதாவிடம் இருந்தவை இளம் வயதில் வாங்கிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள். அதற்குப் பிறகு விளையாட்டின் விதிகள் பலமுறை மாறிவிட்டன. நாங்கள் ஆடியது புதிய விதியில். பழைய கதையைப் புதிய விதிக்கு மாற்றுவதுதான் வாரம் முழுக்க அவருக்கு வேலை.

"புதுக் கதையே வாங்கிடலாம் லா, அக்கா. ஏன் இவ்வளவு பாடு?" என்று செல்வம் ஒருநாள் கேட்டான்.

"இந்தக் கதைக்குள்ள நான் போனதே இல்லடா. வாங்கினப்ப கூட விளையாட ஒரு ஆள் கிடைக்கல," என்றார்.

மாற்றுவது எப்படி என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. பழைய விதியில் கவசத்துக்கு எண் குறையக் குறையப் பலம். புதிய விதியில் கூடக் கூடப் பலம். எல்லாரும் தாளில் மாற்றி எழுதிக்கொண்டார்கள். எழுதத் தெரியாத நான் மனதில் இருந்த 'ரெண்டு' என்பதையே கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நல்ல கவசம் என்னுடையது என்ற நினைப்பில் சங்கிலி எப்போதும் முன்னால் போவான். எலிகூட அவனைக் கடித்தது.

"அண்ணன் கவசம் போடல லா. பனியன் போட்டிருக்காரு," என்றான் செல்வம்.

அப்போதுதான் லலிதாவுக்கு விளங்கியது. மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தப்புண்ணே, உங்ககிட்ட நான் கேட்டிருக்கணும். ஆனா இத்தனை கடி வாங்கியும் நீங்க ஒரு தடவகூடப் பின்னால போய் நிக்கலியே," என்றார். என் தாளை நானே வாசிக்க வேண்டும் என்றுதான் அடுத்த மாதம் மண்டபத்து வகுப்பில் சேர்ந்தேன்.

இன்னொரு முறை, ஒரு குகையில் நாற்பது பூதங்கள் என்று பழைய புத்தகத்தில் இருந்ததாம். புதிய விதியில் ஒவ்வொன்றும் எளிதில் சாகாது. சண்டை தீபாவளி வரை இழுக்கும் என்றாள் நிர்மலா. லலிதா எட்டுப் பூதங்களை மட்டும் வெளியே அனுப்பினார். மீதி எங்கே என்று கேட்டோம். டயர் கழற்றும் சாவியை எடுத்து, காலி ரிம்மில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். சுவருக்குப் பின்னால் அத்தனை பேர் நடப்பது போலிருந்தது. சண்டை முடியும்வரை நிறுத்தவில்லை. "நம்பர மாத்தலாம்ணே. பயத்த மாத்தக் கூடாது," என்பார். அவர் அடிக்கடி சொன்னது அதுதான்.

கடைசி ஞாயிறு கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். கதவில் விஷம். பழைய புத்தகப்படி பகடை ஒரே வீச்சு. தவறினால் வீரன் செத்தான். புதிய விதியில், விழுந்தவனுக்குப் பிழைக்க மறுபடியும் மறுபடியும் வாய்ப்பு உண்டு. எதை வைப்பது என்று லலிதாவுக்கே தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்," என்று புத்தகத்தை மூடினார். அந்த வாரம் மத்தியானச் சோற்றில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இது எந்த விதி என்று நான் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கருமாதி அன்று அவர் கணவர் ராமலிங்கம் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் விளையாட்டைச் சின்னப்பிள்ளை வேலை என்று கிண்டல் செய்தவர்.

"அந்தக் கதவுக்குப் பின்னால என்னதான் இருக்கு? கடைசி வாரம் பூரா அதையே சொல்லிக்கிட்டிருந்தா."

யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் புத்தகத்தை வாசிக்க வேண்டும். வாசித்தவர் கதை சொல்லலாம். வீரராக உள்ளே போக முடியாது. செல்வமும் நிர்மலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடம் நடந்து வந்த கதவு அது.

"நான் போகல," என்றேன்.

"அலாமாக்! அண்ணே, சங்கிலி இல்லாமலா?" என்று செல்வம் பதறினான்.

"சங்கிலி வெளியில பந்தம் பிடிச்சிக்கிட்டு நிப்பான். கதைய நான் சொல்றேன், நீங்க போங்க."

எனக்கு ஆங்கிலம் வராது. அதனால் ராமலிங்கம் வாசித்துத் தமிழில் சொல்கிறார், நான் எழுதுகிறேன். கதவுக்குப் பின்னால் இருப்பதை வாசித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அடிப் பாவி, இதுக்கா!" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அது என்ன என்று இங்கே எழுத முடியாது. நிர்மலா இதைத் தட்டச்சு செய்கிறாள்.

விஷத்துக்கு வந்தபோது நான் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு வீச்சா, பல வீச்சா?

"அவ சாஞ்சப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். என் கையில ஒண்ணுமே இல்லண்ணே," என்றார் ராமலிங்கம்.

பேனாவை மறுபடி எடுத்து எழுதினேன்: விழுந்தவருக்கு மூன்று வீச்சு உண்டு. ஆனால் அவர் வீசக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் அவருக்காக வீச வேண்டும். ராமலிங்கம் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இதில் பயம் குறையவில்லை என்றே நினைக்கிறேன். லலிதா ஒப்புக்கொள்வாரா? தெரியவில்லை.

அவருடைய பகடைகள் செல்வத்திடம் இருக்கின்றன. புத்தகங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் ராமலிங்கம். நான் வைத்துக்கொண்டது அந்த டயர் சாவியை. செல்வத்திடம் கேட்டு வாங்கிவிட்டேன்; கதவுக்குப் பின்னால் உள்ள கடைசி அறையில் அது தேவைப்படும்.

அந்த அறையின் கதையில் பாதிதான் எழுதியிருக்கிறேன். மீதியை அடுத்த வாரம் எழுதிவிடுவேன். செல்வம் அவசரப்படுத்தக் கூடாது. என் கை மெதுவாகத்தான் போகும்.