வேலிக்காத்தானுக்குள் கேபிள்

என் வீட்டுக்காரர் பொறுமைசாலி என்று ஊரில் பெயர். கையில் ஒரு மிஷின் கிடைத்துவிட்டால் அந்தப் பொறுமை எங்கே போகும் என்று எனக்குத்தான் தெரியும். கும்மிடிப்பூண்டியில் அவர் வேலை செய்யும் கம்பெனியில் தோட்ட வேலை பார்க்கும் கான்ட்ராக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி, லீவு நாளில், தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மிஷினை வாங்கி வந்தார். நைலான் நரம்பு புல்லுக்குத்தான் ஆகும், வேலிக்காத்தான் முள்ளுக்கு ஆகாது என்று அதைக் கழற்றிவிட்டு வட்ட பிளேடை மாட்டினார். எங்கள் நிலத்தில் ஒரு கம்பெனி மதிலை ஒட்டிய துண்டு மட்டும் பயிர் வைக்காமல் கிடந்தது. மழைக்கு மழை முள்கன்று முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றது. மீதி நிலத்தில் நெல்.

எங்கள் பக்கத்தில் மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லவே முடியாது. அதனால் ஸ்டார்ட்டரை ஆட்டோ சுவிட்சில் போட்டு, மோட்டார் கொட்டாயைப் பூட்டிவிட்டு வந்துவிடுவோம். கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும், தண்ணீர் தானே பாயும்.

கொட்டாயிலிருந்து போர்க் கிணற்றுக்குப் போகும் கேபிள் முன்பு வரப்போரமாகத்தான் போனது. மோட்டார் ரிப்பேராகி மேலே தூக்கியபோது, மெக்கானிக் அதை முள்ளுக்குள்ளேயே குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு இவர் ஷிப்டில் இருந்தார். போனில் சொன்னேன். சரி சரி என்றார். அந்தக் கம்பெனி இரைச்சலில் அவர் காதில் என்ன விழுந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு போனேன். வரப்புப் பக்கம் ஜாக்கிரதையாக ஒரு கஜம் விட்டுவிட்டு, மதில் பக்கமாக வீசி வீசி அறுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இன்னும் பத்தடி போனால் கேபிள். இரும்பு மிஷின், இரும்பு பிளேடு, கீழே ஈர மண். கரண்ட் அந்த நேரம் இல்லை. ஆனால் எந்த நேரமும் வரலாம்.

“யோவ்! நிறுத்துய்யா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். காதில் பஞ்சு, அதற்கு மேல் துண்டு, அதற்கும் மேல் ஹெல்மெட். எங்கே கேட்கும்? கொட்டாய்க்கு ஓடி ஸ்டார்ட்டரை நிறுத்தலாம் என்றால் சாவி அவர் பேண்ட் பாக்கெட்டில். மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். முதுகில் பட்டது. திரும்பவே இல்லை. அந்த பிளேடு காலையிலிருந்து கல்லும் மண்ணும் அவர் மேல் வாரி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, இதையும் அதில் சேர்த்துக்கொண்டார் மனுஷன்!

பின்னால் போய்த் தொட முடியாது. சட்டென்று திரும்பினால் என் கால் போய்விடும். வேறு வழியில்லை. சுற்றிக்கொண்டு போய், அறுக்காத முள்ளுக்குள் புகுந்து அவருக்கு எதிரே வந்தேன். புடவை கிழிந்தது, கையெல்லாம் ரத்தம். பயத்தில் அழுகையே வந்துவிட்டது. சோற்றுக் கேரியரோடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

என்னைப் பார்த்ததும் மிஷினை அணைத்தார். பிளேடு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. மிஷினைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஹெல்மெட்டையும் துண்டையும் பஞ்சையும் பிடுங்கி எறிந்தார்.

“பைத்தியமா புடிச்சிக்கிது உனக்கு? பிளேடு முன்னால வந்து நிக்கிற!”

“கேபிள்யா! உன் கால்கிட்டயே போவுது பாரு!”

“அது வரப்பாண்டதான போவுது?”

“மெக்கானிக்கு மாத்திப் போட்டுட்டான்னு போன்ல சொன்னனே! இன்னாத்த கேட்ட நீ?”

அவர் குனிந்து முள்ளை விலக்கினார். கறுப்பு கேபிள் கிடந்தது. பிளேடு ஏற்கெனவே ஓர் இடத்தில் உரசியிருந்தது. தோல் பிளந்து உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. பார்த்த பிறகாவது மனுஷன் பயப்பட வேண்டாமா? சிரித்தார்.

“கரண்டே இல்லடி. இதுக்கா இப்டி கத்திக்கினு வந்த? தோ பாரு, புடிச்சே காட்டுறேன்.”

கையை நீட்டினார். எனக்கு என்ன ஆனது என்று தெரியாது. கையிலிருந்த டிபன் கேரியரை ஓங்கி அந்த விரல்கள் மேலேயே போட்டேன். சோறும் குழம்பும் மண்ணில் கொட்டின. “ஐயோ!” என்று கையை உதறிக்கொண்டு எழுந்தார். இருந்த கோபத்தில் என்னை அடித்திருப்பார்.

அப்போது போர்ப் பக்கம் குழாய் கரகரவென்று இருமியது. அடுத்த நிமிஷம் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

அவர் தண்ணீரைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தேன். கொட்டாயைத் திறந்து ஸ்டார்ட்டரை நிறுத்தும் வரை அந்தச் சட்டையை விடவில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

ஒரு விரல் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். கம்பெனியில் என்ன ஆச்சு என்று கேட்ட எல்லோரிடமும், “பொண்டாட்டி அட்ச்சிட்டா” என்று சொல்லியிருக்கிறார். ஏன் அடித்தாள் என்று கேட்டால் மட்டும் அவருக்குப் பேச்சு வராதாம். அந்தக் கம்பெனி முழுக்க நான் ராட்சசி. இருந்துவிட்டுப் போகிறேன். சொல்லித் திரிய ஆள் இருக்கிறாரே, அது போதும் எனக்கு.